சாப்பாட்டோடு போராடும் பிள்ளைக்குக் கைபேசியைத் துணையாக்குவது எப்படி?

அக்கா மகள் கல்லூரிப் படிப்புக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, குரோம்பேட்டையில் எங்களோடு தங்கியிருக்கிறாள். ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டைமாடியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே வேகவேகமாக நடந்துகொண்டிருக்கிறாள். கையில் கட்டியிருந்த, நடையை எண்ணும் பட்டையில் அன்றைய இலக்கு முடியவில்லையாம். "இன்னும் கொஞ்சம்தான் சித்தி, நீங்கள் கீழே போங்கள்" என்றாள். அன்று முழுவதும் அவள் சாப்பிட்டது ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

மருத்துவர் அதை அனோரெக்சியா என்றார்; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் நோய். அவளை வாட்டிய அதே கைபேசியை, இந்த ஒன்றரை ஆண்டில் அவளுக்கு உதவும்படி எப்படி மாற்றினோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் வீட்டாருக்காக எழுதுகிறேன். எடை, கலோரி, நடை என்று ஓர் எண்ணைக்கூட இங்கே குறிப்பிடப்போவதில்லை. நோயில் இருப்பவர் கண்ணில் பட்டால் அதுவே அவருக்கு இலக்காகிவிடும். உங்கள் வீட்டிலும் அந்த எண்களை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

எந்தச் செயலியையும் தேடுவதற்கு முன் பிள்ளையை மருத்துவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்க வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையச் சாப்பாடு கொடுப்பதும் ஆபத்து. எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பிள்ளை மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். காணொளியில் மருத்துவர் கிடைப்பாரா என்று அப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது, கைபேசியைச் சுத்தம் செய்வது. அவள் தூங்கும்போது திருட்டுத்தனமாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலாலேயே செய்ய வையுங்கள். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் ஆனது. கலோரி எண்ணும் செயலியைத் திரையிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கணக்கையே அழிக்க வேண்டும். பழைய பதிவுகள் அப்படியே காத்திருந்தால் மனம் அங்கேயே திரும்பும். விடாமல் பதிவு செய்த நாட்களின் தொடர்ச்சி அறுந்துபோகிறதே என்று அவள் அழுதாள். அந்த அழுகையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நடைப் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், அறிவிப்புகளை நிறுத்தினோம். யூடியூபில் பார்த்த வரலாறு முழுவதையும் அழித்தோம். 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது' வகைக் காணொளிகள் அதன் பிறகு தாமாக வந்து நிற்பது நன்றாகக் குறைந்தது. இன்ஸ்டாகிராமில் ஒவ்வொன்றாக 'ஆர்வமில்லை' என்று அழுத்த வேண்டியிருந்தது. அந்த வேலை இன்றும் முடியவில்லை.

பிறகு, சாப்பிட்டதைக் குறித்துவைப்பது. உணவுக் கோளாறுகளுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும். இரவில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும், மீதியை மனம் திருத்திவிடும். ரெக்கவரி ரெக்கார்ட் என்ற செயலி இந்த நோய்க்காகவே உருவானது. கலோரி கேட்காது, என்ன சாப்பிட்டாய், யாரோடு, மனம் எப்படி இருந்தது என்றுதான் கேட்கும். ஆனால் இட்லியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் எனக்குக் குரல்செய்தி அனுப்பச் சொன்னேன். "சித்தி, கேன்டீனில் தயிர்சாதம். முடித்துவிட்டேன். வயிறு கனக்கிறது, பயமாக இருக்கிறது." அவ்வளவுதான். எழுத்தில் மறைத்துவிடக்கூடிய நடுக்கம் குரலில் கேட்டுவிடும். பதிலுக்கு நான் "சபாஷ்" என்று சொல்வதில்லை, "கேட்டேன், இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன்.

மூன்று வேளை உணவு, நடுவில் சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது ஃபேர்பர்ன் முறையின் இன்னொரு விதி. அதற்குக் கைபேசியின் அலாரமே போதும். தோழிகள் பார்க்கக்கூடாது என்பதால் பதினொரு மணி அலாரத்துக்கு 'நூலகம்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது இரவு எட்டு மணிக் காணொளி அழைப்பு. பாளையங்கோட்டையில் அக்காவும், இங்கே நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே உணவோடு உட்காருவோம். கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்போம். முதல் இரண்டு நாளும் அவள் தோசையைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். திரையைப் பார்ப்பாள், முகம் சுண்டிப்போகும். மூன்றாம் நாள்தான் புரிந்தது: மூலையில் சின்னதாகத் தெரிகிற தன் முகத்தையே, மெல்லும் தாடையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாள்காட்டித் தாளில் ஒரு துண்டு கிழித்து அந்த மூலையில் ஒட்டினேன். அன்று தோசை முடிய நாற்பது நிமிடம் ஆனது, ஆனால் முடிந்தது.

இந்த அழைப்புக்குச் சில விதிகள் தேவை. அளவை உணவியல் நிபுணர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தட்டில் பேரம் கூடாது. "இன்னொன்று வைத்துக்கொள்ளம்மா" என்பது தாயின் நாக்கில் தானாக வரும். அக்கா அதை விழுங்கப் பழக ஒரு மாதம் ஆனது. உணவையும் உடம்பையும் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. "முகம் தெளிந்துவிட்டது" என்று அன்போடு சொன்னாலும் அவள் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். நாங்கள் கடைசி எழுத்தில் ஊர்ப்பெயர் சொல்லி விளையாடுவோம். சாப்பிட்டு அரை மணி நேரம்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். வாந்தி எடுக்கக் குளியலறைக்கு ஓடத் தோன்றும் நேரம் அதுதான்.

மருத்துவருடன் காணொளியில் பேசுவதற்கு 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. எங்களுக்கு ஒரு வாரம் நேரில், ஒரு வாரம் காணொளியில். சிக்கல், தனிமை. எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறைதான். அவள் மாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசுவாள். துணி காயப்போட வருகிறவர்களை மாடிப்படியிலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுப்பது என் வேலை. இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

எடையை மருத்துவர் சொன்னபடி வாரம் ஒருமுறை, அவள் எடைக்கருவிக்கு முதுகு காட்டி நிற்க, நான் பார்த்து மருத்துவருக்கு மட்டும் தெரிவிப்பேன். கருவி என் பீரோவில் பூட்டியிருக்கும். ஒருமுறை அவசரத்தில் அந்த எண்ணை எங்கள் மூவர் குழுவில் போட்டுவிட்டேன். நான் அழிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அடுத்த இரண்டு நாள் காலை உணவு நின்றுபோனது. அந்தத் தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. எடையை இனி எழுத்தில் அனுப்புவதில்லை, மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

செயற்கை அறிவு அரட்டையை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள். அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கமே டெஸ்ஸா என்ற அரட்டை நிரலை, எடை குறைக்கும் ஆலோசனை தருகிறது என்ற புகாரால் 2023-இல் நிறுத்தியது. பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-இல் தந்த வழிகாட்டுதலும், வழிநடத்துபவரோடு கூடிய சுயஉதவித் திட்டத்தைப் பெரியவர்களின் புலிமியாவுக்கும் (அளவுமீறி உண்டு, பிறகு வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்ட முயலும் நோய்) அளவுமீறி உண்ணும் கோளாறுக்கும்தான் முதலில் சொல்கிறது, அனோரெக்சியாவுக்கு அன்று. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்கும், தமிழில் பேசலாம். நானே எனக்காக இரண்டுமுறை அழைத்திருக்கிறேன். துணை நிற்பவருக்கும் அது உதவும்.

இப்போது எட்டு மணி அழைப்பு செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். ஒரே வாரத்தில் இரண்டு வேளை தவறினால் மீண்டும் தினமும் என்று மூவரும் கையெழுத்துப் போட்ட தாளின் படம் குழுவில் இருக்கிறது. ஏப்ரலில் அவளுக்குத் தேர்வு. அந்த மாதம் முழுவதும் தினமும் எட்டு மணிக்கு என்று அக்கா இப்போதே தன் கைபேசியில் குறித்துவைத்துவிட்டாள்.