குளூஸோவின் முதல் துப்பறியும் நகைச்சுவையைப் பார்க்கும் முறை

‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’ படத்தின் வழியே பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் குளூஸோவை அறிந்தவர்கள், அவர் 1942இல் இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘லாஸாஸன் அபித் ஓ வான்த்தேயன்’ படத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். ‘கொலையாளி 21ஆம் எண் வீட்டில் வசிக்கிறான்’ என்று தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மீதிப் பாதியைக் கதைச்சுருக்கங்கள் போட்டு உடைத்துவிடும் என்பதால், படத்தைப் பார்த்து முடிக்கும்வரை எதையும் படிக்காதீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய பின்னணி ஒன்றுதான். ஜெர்மானியரின் பிடியில் பாரிஸ் இருந்தபோது, அவர்களின் நிர்வாகத்திலேயே இயங்கிய கான்டினென்டல் நிறுவனம் இதைத் தயாரித்தது. பெல்ஜிய எழுத்தாளர் ஸ்டீமன் லண்டனில் நடப்பதாக எழுதிய கதையைப் படம் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதிக்கு மாற்றிக்கொண்டது.

தொடக்கக் காட்சியில் கண்ணை எடுக்காதீர்கள். லாட்டரியில் பணம் விழுந்த மகிழ்ச்சியில் குடித்துவிட்டு மதுக்கடையிலிருந்து ஒருவன் வெளியேற, கேமரா கொலையாளியின் கண்ணாகவே மாறி, இருண்ட தெருவில் அவனைப் பின்தொடர்கிறது. கொலை நடந்த இடத்தில் கொலையாளி விட்டுச்செல்லும் ‘முசியே துய்ரான்’ என்ற பெயர் அச்சிட்ட அட்டை கிடக்கும். அடுத்து, கொலையாளியைப் பிடிக்க அமைச்சர் விதித்த கெடு ஒவ்வோர் அதிகாரியாகக் கீழே இறங்க இறங்கக் குறுகிக்கொண்டே வந்து, இன்ஸ்பெக்டர் வென்ஸின் தலையில் விழும் காட்சி, இயக்குநரின் நகைச்சுவை எத்தகையது என்பதைக் காட்டிவிடுகிறது.

வென்ஸ் பாதிரியார் வேடத்தில் அந்த 21ஆம் எண் விடுதிக்குள் நுழைந்ததும் படத்தைச் சற்று நிறுத்தி, அங்கே தங்கியிருப்பவர்களின் முகங்களையும் பெயர்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் லின்ஸ், வித்தைக்காரர் லாலா-பூர், பொம்மை செய்யும் கோலன் ஆகிய மூவரையும் குழப்பிக்கொண்டால் பிற்பாதி பிடிபடாது. ஒருவர் காவலில் இருக்கும்போது அடுத்த அட்டை விழுந்தால், அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்று குறித்துக்கொள்வதும் நல்லது.

என் பார்வையில் படத்தின் உயிர் மிலா மலூதான். வாய்ப்புத் தேடும் பாடகியான அவள், கொலையாளியைப் பிடித்தால் தன் பெயர் ஊரெங்கும் பரவும் என்று நம்பித் தானே துப்பறியக் கிளம்புகிறாள். மிலாவாக நடிக்கும் சுஸி டெலேரும் வென்ஸாக நடிக்கும் பியேர் ஃப்ரெனேயும் வாதாடும் இடங்களில் வசனம் விரைந்து ஓடுவதால், வசன வரிகளுக்காக ஒரு முறையும், அவர்களின் முகபாவத்துக்காக மறுமுறையும் அக்காட்சிகளைப் பாருங்கள். இந்த இணை பிடித்துப்போனால், குளூஸோ திரைக்கதை எழுத, ஜார்ஜ் லகோம்ப் இயக்கி 1941இல் வந்த ‘லெ தெர்னியே தே சீஸ்’ படத்தை அடுத்துத் தேடலாம். வென்ஸும் மிலாவும் திரையில் முதலில் தோன்றியது அதில்தான்.