கை வெடித்தால் "வேலை அப்படி" என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் அம்மா இருபது வருஷம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தார். கல்யாண வீட்டுக்குப் போனால், கறை ஏறிக் கறுத்துத் தோல் உரிந்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார். கேட்டால், "இந்த வேலைக்குப் போனா கை இப்பிடித்தான் மக்களே இருக்கும்" என்பார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் வெட்டப் போகிறவர்களும் கொத்தனார்களும் இதையேதான் சொல்கிறார்கள். அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை.

அண்டி என்கிற முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலைப் பொசுக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறும். சேங்கொட்டையும் மாமரமும் முந்திரியின் குடும்பம்தான். அதனால் இந்த ஒவ்வாமை வந்தவருக்கு மாங்காய்ப் பால் பட்டாலும் தடிக்கலாம். ரப்பர் வேலையில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டும், உறையாமல் வைக்கும் அம்மோனியாவும் கையை அரிக்கின்றன. ஈர சிமெண்டில் காரமும் குரோமியமும் சேர்ந்தே இருக்கின்றன.

"பதினைந்து வருஷமா இதே சிமெண்டுதான், இப்பதான் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரும். ஒவ்வாமை பல வருஷம் பழகிய பொருளுக்கே திடீரென்று தொடங்கலாம். தொடங்கிவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் கிளம்பும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, டாக்டரிடம் வேலையைச் சொல்லாமல் இருப்பது. குளித்து, நல்ல சட்டை போட்டுப் போய் "கையில் கரப்பான் புண்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? என்ன வேலை, கையில் என்னென்ன படுகிறது, லீவில் குறைகிறதா என்ற மூன்றையும் நாமே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கோ கோயில் கொடைக்கோ ஒரு வாரம் வீட்டில் இருந்தபோது கை தெளிந்து, வேலைக்குப் போனதும் திரும்ப வெடித்தது என்றால் அது பெரிய துப்பு. கை மோசமாக இருக்கும் நாளில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு, அங்கே விசாரிக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்பு வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். அது படர்தாமரையாக இருந்துவிட்டால் களிம்புக்கு அடியிலேயே பரவும்.

கறை போக மண்ணெண்ணெயிலும் சோப்புத்தூளிலும் கை கழுவுவது புண்ணில் மேலும் காயம் செய்வதுதான். தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் அது எடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சாதாரண சோப்பில் கழுவி, ஈரத்தை ஒற்றிவிட்டு வாசலின் தடவினால் போதும். கையுறைக்குள் வியர்த்து ஊறினாலும் கெடுதல். உள்ளே பருத்தி உறை போட்டு, அதை அடிக்கடி மாற்றுங்கள்.

வீட்டில் தனித் தட்டு, தனிச் சோப்பு கொடுக்கும் கொடுமையும் நடக்கிறது. ரசாயனத்தால் வரும் கரப்பான் ஒட்டாது. சொறி, படர்தாமரை ஒட்டும். எது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதற்குள் அந்த மனுஷியை ஒதுக்காதீர்கள். பத்தியம் என்று மீனையும் கத்திரிக்காயையும் மட்டும் விட்டுவிட்டு, அதே கையால் அண்டி உடைத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்?

வேலை போய்விடும் என்று சூப்பர்வைசரிடம் மறைப்பவர்களின் பயம் நியாயமானது. இருந்தாலும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் தோல் நோயும் இருக்கிறது. கார்டு இருந்தால், "வேலையால் வந்தது" என்று டாக்டர் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலையையே விட வேண்டிய நிலை எல்லாருக்கும் வராது. சிலருக்குப் பிரிவு மாறினாலே போதும்.

அம்மா கடைசி இரண்டு வருஷம் பருப்பு தரம் பிரித்தார். கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். கை முழுதும் தெளிய ஏழு மாதம் ஆயிற்று. அந்த வருஷம் என் சித்தி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதே அம்மாதான்.