காது கேளாதவரைத் தீ அலாரம் எழுப்ப வேண்டுமா? அதிர்வுக் கருவியை இப்படி வையுங்கள்

பகலெல்லாம் காது மெஷின் போட்டிருப்பவரும் ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். சாதாரண புகை அலாரம் சுமார் 3,000 ஹெர்ட்ஸில் கீச்சென்று கத்தும், வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவதும் பெரும்பாலும் அந்தக் கீச்சொலிதான், அதனால் தலைக்கு மேலேயே அலறினாலும் எழுந்துவிடுவார் என்று நம்பிவிடாதீர்கள். ஓரளவு கேட்பவருக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்குரல் அலாரம் நன்றாக உதவும்.

அதிர்வுக் கருவி என்பது உள்ளங்கை அளவுத் தட்டு, ஒயரோடு வரும். தலையணைக்கு அடியிலோ, மெத்தைக்கு அடியில் தோள் படும் இடத்திலோ வையுங்கள். தடித்த மெத்தை அதிர்வை விழுங்கிவிடும், அப்படியானால் தலையணைதான் சரி, ஆனால் புரண்டு படுத்தால் நழுவும், உறைக்குள் செருகிவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கருவிகள் அலாரச் சத்தத்தைக் கேட்டுத்தான் அதிரும், கதவு மூடியிருந்தால் தவறவிடலாம். புகை அலாரத்தோடு வயர்லெஸ்ஸில் இணைவதையே நான் சொல்வேன். பேட்டரியும் கட்டாயம், தீ பிடித்தால் கரண்ட் போய்விடலாம். மின்னும் விளக்கு விழித்திருப்பவருக்கு நல்லது, தூங்குபவருக்கு அது மட்டும் போதாது. போன் அதிர்வும் அப்படித்தான்.

அப்புறம் சோதனை. கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாமே பலமாகத்தான் தெரியும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கிய பிறகு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், எழவில்லை என்றால் தட்டை இடம் மாற்றி இன்னொரு ராத்திரி பாருங்கள். பட்டன் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள், புகை அலாரத்தைப் 10 ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள்.