குத்து வாங்கித் தட்டினால் கோழையா? எம்.எம்.ஏ.வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எம்.ஏ. என்கிற கலப்புத் தற்காப்புச் சண்டையில் ஒருவன் ஆர்ம்பாரில், அதாவது முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைக்கும் பூட்டில், மாட்டிக்கொள்கிறான். முழங்கை நேராகிவிட்டது, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. தோல்வியை ஒத்துக்கொண்டு எதிராளியின் தொடையில் இரண்டு தட்டு தட்டுகிறான், சண்டை முடிகிறது. "சரியான நேரத்தில் தட்டினான், கை தப்பித்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த சண்டையைப் பார்க்கப் போய்விடுவோம். கழுத்து நெரிபடும்போது தட்டினாலும் இதே பேச்சுதான். ஆனால் அதே ஆள் மல்லாந்து கிடக்க, மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்திக்கொண்டே இருக்கும்போது தட்டிவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. பயந்தாங்கொள்ளி என்கிறோம், நெஞ்சுரம் இல்லாதவன் என்கிறோம், பத்து வருடம் கழித்தும் அந்த ஒரு தட்டலைச் சொல்லிக் காட்டுகிறோம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களும் பழகுபவர்களும் பழக்குபவர்களும் இந்த விஷயத்தில் செய்கிற தவறுகள் நிறைய. சிலது வெறும் பேச்சு. சிலது ஆளையே கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, கை வலித்துத் தட்டினால் அது உடம்பு, முகம் வலித்துத் தட்டினால் அது மனசு என்று பிரித்துப் பார்ப்பதுதான். பூட்டில் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. 2004 ஜூனில், யூ.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. நிறுவனம் நடத்திய யூ.எஃப்.சி. 48-இல், ஃப்ராங்க் மிர் போட்ட ஆர்ம்பாரில் டிம் சில்வியாவின் முன்கை எலும்பு உடைந்தது. நடுவர் ஹெர்ப் டீன் உடனே நிறுத்தினார். சில்வியா தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடினார். மறுபடி போட்டுக் காட்டிய காட்சியில் எலும்பு வளைவதைப் பார்த்தபிறகுதான் அரங்கத்துக்கே விளங்கியது. குத்தில் அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை. மண்டைக்குள் மூளை கூழ் மாதிரி மிதக்கிறது. அடி விழும்போது மண்டை திரும்பும் வேகத்துக்கு அது திரும்புவதில்லை, அதனால் உள்ளே இருக்கும் நரம்பு இழைகள் இழுபடுகின்றன, மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்துபோகவும் கூடும். இது எதுவும் கேமராவில் விழாது. வெளியே தெரிவதெல்லாம் புருவத்தில் ஒரு கீறல், கன்னத்தில் ஒரு வீக்கம். அதைப் பார்த்துவிட்டு "இதுக்குப் போய் தட்டுறானா?" என்று கேட்கிறோம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கிழிந்த தசைநாரை அறுவை செய்து தைக்கலாம், ஒரு வருடத்தில் பழையபடி வரலாம். சோக்கில், அதாவது கழுத்தை நெரிக்கும் பிடியில், தட்டாமல் மயங்கிவிட்டவன்கூட, பிடியை விட்டதும் பெரும்பாலும் சில நொடிகளில் கண் திறந்துவிடுகிறான். மூளையில் பட்ட அடிக்கு இப்படித் தைக்கிற வேலையே கிடையாது. ஒரு அதிர்ச்சி ஆறுவதற்குள் அடுத்தது விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் தட்டுவதற்கு அதிகக் காரணம் இருப்பது குத்தில்தான். நாம் மரியாதை கொடுப்பதோ நேர் எதிராக.

அடுத்த தவறு, குத்துக்குத் தட்டியவன் கதை அத்தோடு முடிந்தது என்று நினைப்பது. இந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே போதும். 1994 மார்ச்சில் டென்வரில் நடந்த யூ.எஃப்.சி. 2-இன் இறுதிச் சண்டையில் ராய்ஸ் கிரேஸி, பேட்ரிக் ஸ்மித்தைக் கீழே தள்ளி மேலே ஏறிக் குத்தினார், ஸ்மித் தட்டினார். ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்த சண்டை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே ஸ்மித் ஜப்பானில் கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டியில் பெரிய வீரரான ஆண்டி ஹுக்கை 19 நொடிகளில் சாய்த்தார். ஆண்டி ஹுக் என்றால் யார் என்று கிக்பாக்ஸிங் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய பெயர் ஜார்ஜ் செயின்ட்-பியர். 2007 ஏப்ரல் 7, ஹூஸ்டன், யூ.எஃப்.சி. 69. வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியனாக உள்ளே போனவர், யாரும் பெரிதாக மதிக்காத மாட் செர்ராவிடம் முதல் சுற்றிலேயே தடுமாறி விழுந்து, மேலிருந்து குத்துகள் விழ விழத் தட்டிவிட்டார். அப்போது பேசாத வாய் இல்லை. இவருக்கு மனசு உடைந்துவிடும், அழுத்தம் தாங்கமாட்டார் என்றெல்லாம் சொன்னார்கள். மறுவருடம் ஏப்ரலில், தன் சொந்த மாகாணமான க்யூபெக்கின் மாண்ட்ரியாலில், அதே செர்ராவை வென்று பட்டத்தைத் திரும்ப வாங்கினார். பிறகு ஒன்பது தடவை அதைக் காப்பாற்றினார். நான்கு வருடம் ஒதுங்கியிருந்துவிட்டு 2017-இல் வந்து, அடுத்த மேல் எடைப் பிரிவில் மைக்கேல் பிஸ்பிங்கின் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஹூஸ்டன் இரவுக்குப் பிறகு அவர் ஒரு சண்டைகூடத் தோற்கவில்லை. அன்று அவர் தட்டாமல் இன்னும் ஐந்தாறு குத்து வாங்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தட்டியதால் அவர் எதையாவது இழந்தாரா என்று கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். குத்துக்குத் தட்டியதை ஒரு பதிவில் சப்மிஷன் (சரணடைந்தது) என்று எழுதுவார்கள், இன்னொன்றில் டி.கே.ஓ. (அடி தாங்காததால் நடுவர் நிறுத்தியது) என்று எழுதுவார்கள். தனக்குப் பிடித்த வீரர் என்றால் ரசிகர் டி.கே.ஓ.வைக் காட்டித் தட்டவே இல்லை என்று சாதிப்பார், பிடிக்காதவர் என்றால் வீடியோவை நொடி நொடியாக நிறுத்தித் தட்டினதைக் காட்டுவார். இந்த வாக்குவாதத்தில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

குத்துச்சண்டையிலும் இதே நோய்தான். 2020 நவம்பரில் டேனியல் டுபுவா, ஜோ ஜாய்ஸோடு மோதியபோது இடது கண் மூடிக்கொண்டது, பத்தாவது சுற்றில் முட்டி போட்டு எண்ணிக்கை முடியும்வரை அப்படியே இருந்துவிட்டார். பழைய வீரர்கள் சிலரே, கைவிட்டுவிட்டான் என்று திட்டினார்கள். மருத்துவமனையில் பார்த்தால் கண்குழி எலும்பு உடைந்திருந்தது. உடைந்த குழிக்குள் இன்னொரு குத்து விழுந்திருந்தால் பார்வை போயிருக்கலாம். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அந்தோணி ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் நாக் அவுட் செய்தது இதே டுபுவாதான். பார்க்க இரண்டு கண் இருந்ததால் செய்தார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த தவறு. தட்டாதவனைக் கொண்டாடுவது. தட்டினவனைத் திட்டுவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் இது நல்ல வார்த்தையாக வருகிறது. புறமுதுகு காட்டாதவன், விழுப்புண் பட்டவன் என்று ரத்தத்தில் நனைந்த படத்தைப் போட்டுச் சிலிர்க்கிறோம். 2020 மே மாதம் ஜாக்ஸன்வில்லில், பார்வையாளர் யாரும் இல்லாத அரங்கில், க்ளோவர் டெஷேராவிடம் அந்தோணி ஸ்மித் அடிவாங்கினார். சண்டைக்கு நடுவில் தன் பல்லை எடுத்து நடுவர் கையில் கொடுத்தார். பற்கள் விழுகின்றன என்று சுற்று இடைவேளையில் கார்னரிடமே, அதாவது ஓரத்தில் நிற்கும் தன் பயிற்சியாளர்களிடமே, சொன்னார். அதன் பிறகும் ஐந்தாவது சுற்றுக்கு அனுப்பினார்கள், அதில் ஒரு நிமிடம் போனபிறகு நடுவர் நிறுத்தினார். கூட்டத்தின் இரைச்சல் இல்லாததால் ஒவ்வொரு குத்தின் சத்தமும் தனியாகக் கேட்டது. கார்னர் சண்டையை நிறுத்தியிருந்தால் தனக்குக் கோபம்தான் வந்திருக்கும் என்று பிறகு ஸ்மித்தே சொன்னார். அதை அவருடைய வீரத்துக்குச் சாட்சியாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேறு ஒன்றுக்குச் சாட்சி. நிறுத்தினால் அவமானம் என்று இந்த ஆட்டம் ஒருவனுக்கு எவ்வளவு ஆழமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பதற்கு.

அதற்கு அடுத்த மாதமே லாஸ் வேகஸில் மேக்ஸ் ரோஸ்காஃப் என்ற புது வீரர், இரண்டாவது சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்து, நிறுத்திவிடுங்கள் என்று தன் கார்னரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கார்னர் அவரைச் சம்மதிக்கவைக்கப் பார்த்தது. கடைசியில் சண்டை நிறுத்தப்பட்டது, சில நாளில் யூ.எஃப்.சி. அவரை விடுவித்தும்விட்டது. சோர்ந்துபோன வீரனுக்குத் தெம்பு கொடுப்பது கார்னரின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். "முடியலை" என்பதை ஒரு தடவை பேசிப் பார்க்கலாம். இரண்டாவது தடவையும் அதையே சொன்னால் அது முடிவு. மூன்றாவது தடவை சொல்ல வைக்கவே கூடாது.

"நடுவர் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்" என்பதும் தவறுதான். தன்னைப் புத்தியோடு காத்துக்கொள்கிறானா என்பதை நடுவர் வெளியிலிருந்து பார்த்து ஊகிக்கிறார். கைகளை முகத்துக்கு முன் வைத்திருக்கிறான், அசைகிறான், சரி, இன்னும் சண்டையில் இருக்கிறான் என்று விடுவார். அந்தக் கைகளுக்குப் பின்னால் கண் இரண்டாகத் தெரிகிறதா, காதில் ரீங்காரம் கேட்கிறதா என்று அந்த வீரனுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தலையில் அடி ஏற ஏற, தனக்கு என்ன ஆகிறது என்று எடைபோடும் திறமையே முதலில் போகிறது. தட்ட வேண்டும் என்று புத்தி சொல்கிற நொடியில் தட்டாவிட்டால், அடுத்த நொடியில் சொல்வதற்கு அந்தப் புத்தி இல்லாமல் போகலாம்.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் பழகிய இடத்தில் ஒரு பையன், பத்தொன்பது வயது, நல்ல கால். ஒரு சனிக்கிழமை ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில் அவனைவிடக் கனமான ஒருவர் மவுண்டில், அதாவது மல்லாந்து கிடந்தவன் மேல் இருபக்கமும் கால் போட்டு, ஏறிவிட்டார். பெரிய கிளவுஸ்தான், முழு பலத்தில் அடிக்கவும் இல்லை. ஆனால் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று விழுந்துகொண்டே இருந்தது. பையன் முழங்கைகளைச் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான். குத்துக்கெல்லாம் தட்டக்கூடாது, எழுந்து வரணும் என்பதுதான் அங்கே பாடம். மணி அடித்தது, எழுந்தான், சிரித்தான், எல்லாரும் முதுகில் தட்டிக்கொடுத்தோம். பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் "எத்தனாவது ரவுண்டுண்ணா இது?" என்று கேட்டான். சொன்னேன். கையில் சுற்றியிருந்த துணியைப் பாதி அவிழ்த்துவிட்டு, "எத்தனாவது ரவுண்டுண்ணா?" என்றான். சொன்னேன். துணி முழுவதும் அவிழ்வதற்குள் மூன்றாவது முறை கேட்டான், அதே சிரிப்போடு, அதே குரலில். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்தச் சாயங்காலம் அவனுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

ஆகவே பழகுகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மவுண்டில் கிடக்கும்போது கையை நீட்டித் தரையைத் தட்டப் போனால் முகம் திறந்துகொள்ளும். தட்டுவதென்றால் எதிராளியின் உடம்பில் தட்டுங்கள், பக்கத்திலேயே இருக்கிறது, அவருக்கும் உறைக்கும். கையே எடுக்க முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். பொதுவான எம்.எம்.ஏ. விதிகளில் வாய்ச்சொல்லும் தட்டுதான், வலியில் கத்தினாலும் நடுவர் அதைச் சரணாக எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் தட்டிவிட்டோமே என்று உடனே கைகளைத் தளர்த்தாதீர்கள், நடுவர் நடுவில் வந்து தொடும்வரை தலையை மூடியே வைத்திருங்கள்.

அப்புறம், தட்டிவிட்டுத் தட்டவில்லை என்று சொல்லாதீர்கள். 2002-இல் யூ.எஃப்.சி. 37-இல் முரிலோ புஸ்டமாண்டே ஆர்ம்பார் போட்டார், மாட் லிண்ட்லண்ட் தட்டியதாக நடுவர் ஜான் மெக்கார்த்தி நிறுத்தினார், தட்டவில்லை என்று லிண்ட்லண்ட் மறுக்க, சண்டை மறுபடி ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் கில்லட்டின் என்ற கழுத்துப் பிடியில் மாட்டி மறுபடியும் தட்டினார். ஒரே சண்டையில் இரண்டு முறை தோற்றவர் என்ற பெயர்தான் மிச்சம்.

சிலர் கேட்பது நியாயமான கேள்வி. லேசாக நாலு குத்து விழுந்ததும், உண்மையில் அடியே படாமல், பதற்றத்தில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அது கீழே கிடந்து பழகாததால் வருவது. மூச்சு முட்டும், கண் முன்னால் கிளவுஸ் வந்துவந்து போகும், புதிதாக வந்தவனுக்கு உலகமே முடிந்த மாதிரி இருக்கும். அதற்கு வைத்தியம் கேலி கிடையாது. அவனைத் திரும்பத் திரும்ப அந்த நிலையில் போட்டு, மெதுவாக அடித்து, இடுப்பைத் தூக்கிப் பாலம் போட்டுப் புரட்டவும், முழங்காலை உள்ளே நுழைத்து, எதிராளியைக் கால்களுக்கு நடுவே வைக்கும் கார்டு நிலைக்கு வரவும் கற்றுக்கொடுக்க வேண்டும். வெளியே வரத் தெரிந்தவன் பதறித் தட்டமாட்டான். தட்டினால் அதில் காரணம் இருக்கும். கேலி செய்தால் நடப்பது ஒன்றுதான்: பதற்றம் அப்படியே இருக்கும், தட்டுவது மட்டும் நின்றுபோகும்.

அந்தப் பையன் ஆறு மாதம் ஸ்பாரிங் பக்கமே வரவில்லை. இப்போது வேறு இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே ஒருவரை ஏற்றி, உள்ளங்கையால் நெற்றியில் லேசாகத் தட்டச் சொன்னான். கீழே கிடப்பவர் "போதும்" என்று சொன்ன உடனே மேலே இருப்பவர் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கூச்சத்தில் குரலே எழும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குக் கேட்கலைம்மா, இன்னொரு தடவை" என்றான்.