பெட்டியில் இருக்கும் எண்ணை விடுங்கள்: போன் திரையைச் சோதிக்கும் முறை

2011 ஏப்ரலில் ஆப்பிள் அமெரிக்காவில் சாம்சங் மீது காப்புரிமை வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் ஜூரி சுமார் 105 கோடி டாலர் இழப்பீடு என்றது. மேல்முறையீடு, மறுவிசாரணை, உச்ச நீதிமன்றம் என்று இழுத்து 2018 ஜூனில்தான் சமரசமானது. வழக்கு முடிவதற்கு முன்பே, 2017இல் வந்த ஐபோன் எக்ஸுக்கு ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) திரை செய்து கொடுத்தது சாம்சங்! அதே ஆண்டு கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல்லுக்கு எல்ஜியின் பேனல் (காட்சி தரும் திரைப் பாகம்) போட்டது. சாய்த்தால் நீலம் அடிக்கிறது, படத்தின் தடம் திரையில் தங்குகிறது என்று புகார்கள் குவிய, வாரண்டியை இரண்டு ஆண்டாக நீட்டினார்கள். ஆகவே பின்பக்க லோகோவை வைத்துத் திரையை எடைபோட வேண்டாம். ஒரே மாடலுக்கே இரண்டு நிறுவனங்களிடம் பேனல் வாங்குவது வழக்கம். கையில் இருக்கும் அந்த ஒரு போனைத்தான் சோதிக்க வேண்டும்.

முன்னேற்பாடு

ஏதாவது ஒரு வரைபட ஆப்பில், போனின் ரெசல்யூஷன் அளவிலேயே ஒற்றை நிறப் படங்கள் செய்துகொள்ளுங்கள்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மதிப்பும், 0 முதல் 255 வரையிலான அளவில், 128), அடர்சாம்பல் (மூன்றும் 13). எட்டாவதாக, கறுப்புப் பின்னணியில் 1 முதல் 10 வரை மதிப்புள்ள பத்துச் சாம்பல் கட்டங்கள். எல்லாவற்றையும் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் அடர்ந்த நிறங்களில் அதுவே திட்டுத்திட்டாகக் கறை போடும், பழி திரைமேல் விழும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதைதான். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பிறகு போனில் தானியங்கிப் பிரகாசம், நீலஒளி வடிகட்டி, ட்ரூ டோன் போன்ற சூழல் நிறமாற்றம், பேட்டரி சேவர் நான்கையும் அணையுங்கள். பேட்டரி சேவர் பல போன்களில் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்ணை) 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் திரையை மறைக்கும் பிரைவசி கண்ணாடி ஒட்டியிருந்தால், போனைச் சாய்த்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இருட்டறைச் சோதனை

குறைகள் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும், அதனால் அவசரப்படாதீர்கள். விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் விடுங்கள்.

முதலில் கறுப்புப் படம், முழுப் பிரகாசத்தில். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு என்றால் அணைந்தே இருக்கும். திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. எல்சிடியில் பின்னொளி எப்போதும் எரிவதால் மங்கலான சாம்பல் தெரிவது இயல்பு. ஆனால் ஒரு மூலையில் மட்டும் ஒளி கசிந்தால் அது கோளாறு: சட்டம் பேனலை அழுத்துகிறது, அல்லது பின்னொளி அடுக்கு விலகியிருக்கிறது.

அடுத்து 13 மதிப்புள்ள அடர்சாம்பல், பிரகாசத்தை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கி. நல்ல பேனலிலும் லேசான மணற்தன்மை இருக்கும். பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயை, செங்குத்துப் பட்டைகள், மேல்பாதி ஒரு நிறம் கீழ்பாதி ஒரு நிறம் என்றிருந்தால் சீரற்ற பேனல். குறைந்த மின்னோட்டத்தில் ஒவ்வொரு பிக்சலையும் இயக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு இடையே உள்ள சிறு வித்தியாசம்தான் காரணம். பிரகாசம் ஏறினால் மறைந்துவிடும், அதனால் கடை வெளிச்சத்தில் இது ஒருபோதும் கண்ணில் படாது.

பிறகு பத்துக் கட்டப் படம். குறைந்த பிரகாசத்தில் 1, 2, 3 தெரியாமல் போனால் பரவாயில்லை. 8 வரை கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிட்டால், இருட்டுக் காட்சிகளில் விவரம் எதுவும் தெரியாது.

தடம் பதிந்த திரை

பழைய போன் வாங்குகிறவர்கள் தவறவே விடக்கூடாத சோதனை. நடுச்சாம்பலையும் பின் நீலத்தையும் முழுத்திரையில் போட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்: மேலே நேரமும் பேட்டரியும் வரும் பட்டை, கீழே நேவிகேஷன் பொத்தான்கள், கீபோர்டு வரும் பகுதி. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறப் புள்ளிகளால், அதாவது துணைப்பிக்சல்களால் ஆனது. ஓஎல்இடியில் நீலத் துணைப்பிக்சல் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். எனவே அதிகம் எரிந்த இடம் வெள்ளையில் மஞ்சளாகவும், நீலத்தில் மங்கலாகவும் தெரியும். எல்சிடியில் இப்படித் தெரிந்தால் பத்து நிமிடம் வீடியோ ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள், அனேகமாகப் போய்விடும். ஓஎல்இடியின் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியாது. "சரிசெய்யும்" ஆப்கள் மற்ற பிக்சல்களையும் தேய்த்துச் சமன் செய்யத்தான் பார்க்கின்றன.

கூர்மை

பெட்டியில் போட்டிருக்கும் பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) எண் பாதிக் கதைதான். நீளத்தையும் அகலத்தையும் பிக்சலில் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மூலைவிட்ட அங்குலத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 2010இன் கேலக்ஸி எஸ் 800 × 480, 4 அங்குலம்: சுமார் 233. ஆனால் அது பென்டைல் திரை; ஒரு பிக்சலுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு துணைப்பிக்சல். அடுத்து வந்த எஸ் 2, அதே 800 × 480இல், பிக்சலுக்கு மூன்று வைத்தது: 7,68,000 துணைப்பிக்சல் 11,52,000 ஆனது. இன்றைய ஓஎல்இடி போன்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இரண்டு வைப்பவைதான். அவற்றில் சிவப்பு, நீலத்தின் உண்மையான அடர்த்தி அறிய பிபிஐயை 0.7ஆல் பெருக்குங்கள். 400 என்றால் 280. 450 தாண்டினால் கண்ணுக்கு வித்தியாசம் படாது என்பது என் கணிப்பு. இன்னொன்று: கியூஎச்டி என்ற அதிக ரெசல்யூஷன் திரையுள்ள சில கேலக்ஸி போன்கள் பெட்டியிலிருந்து வரும்போது அதைவிடக் குறைந்த எஃப்எச்டியில்தான் வரும், செட்டிங்ஸில் மாற்ற வேண்டும்.

நிட்ஸ், ஹெர்ட்ஸ், மினுக்கம்

விளம்பரத்தில் வரும் உச்ச நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு) எண், திரையின் சிறு பகுதி மட்டும் எரியும்போது அளந்தது. முழு வெள்ளைப் பக்கத்தில் அது கிடைக்காது. தானியங்கிப் பிரகாசத்தை மறுபடி போட்டு, வெள்ளைப் படத்தோடு வெயிலுக்குப் போங்கள். வெயிலுக்கான கூடுதல் பிரகாசம் பல போன்களில் அப்போதுதான் திறக்கும். சில நிமிடம் வைத்திருந்து, சூடேறியதும் எவ்வளவு மங்குகிறது என்று பாருங்கள். கணக்கில் எடுக்க வேண்டியது அந்த மங்கிய அளவைத்தான்.

ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் பொத்தானை ஏற்றினால், எந்த ஆப்பில் 120, எதில் 60 என்று திரையிலேயே தெரியும்.

ஓஎல்இடி பலவற்றில் பிரகாசத்தைக் குறைப்பது மினுக்கத்தால்தான், அதாவது திரையை வேகமாக அணைத்து அணைத்து எரிப்பதால். சிலருக்குத் தலைவலி வருவது இதனால். பிரகாசத்தை 20 சதவீதத்தில் வைத்து, இன்னொரு போனின் ப்ரோ கேமராவில் ஷட்டரை 1/2000க்கு வைத்துத் திரையைப் பாருங்கள். அகலமான கரும்பட்டைகள் ஓடினால் மெதுவான, ஆழமான மினுக்கம். நெருக்கமான வெளிறிய கோடுகள் என்றால் கவலை குறைவு.

மாற்றிய திரையா?

காப்புரிமைச் சண்டை வாங்குகிறவரைத் தொடும் இடம் இது. 2022 டிசம்பரில் சாம்சங் டிஸ்ப்ளே, பழுதுபார்க்கும் சந்தைக்கு வரும் மாற்று ஓஎல்இடி பேனல்கள் தன் காப்புரிமையை மீறுவதாக அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்துக்குப் போனது. ஓஎல்இடிக்குப் பதிலாகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பது இன்செல் எல்சிடி (டச் அடுக்கு உள்ளேயே அமைந்த எல்சிடி). கண்டுபிடிப்பது எளிது: இருட்டில் கறுப்புப் படம் சாம்பலாக ஒளிரும், ஓரச்சட்டம் தடித்திருக்கும், திரைக்கடியில் இருந்த கைரேகை சென்சார் வேலை செய்யாது. கிளிப் மேக்ரோ லென்ஸில் பார்த்தால் எல்சிடியில் மூன்று நிறமும் பொதுவாகச் சம அகலக் கோடுகளாக நிற்கும். ஓஎல்இடியில் அனேகமாகச் சிறு பச்சைப் புள்ளிகளும், அவற்றுக்கிடையே பெரிய சிவப்பு, நீலக் கட்டங்களும்.

ஐபோன் 11 முதல், ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்குப் பிந்தையதில், செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் பக்கத்தில் திரை மாற்றிய விவரம் வரும். "தெரியாத பாகம்" என்றிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ட்ரூ டோன் இருப்பது மட்டும் ஆதாரமாகாது. பழைய பேனலின் தரவைப் புதியதில் எழுதிவிடும் கருவிகள் உண்டு. சாம்சங்கில் டயலரில் *#0*# அடித்தால் நிறம், டச் சோதனைகள் திறக்கும். டச் கட்டங்களில் ஒன்றிரண்டு நிரம்பாமல் நின்றால் விரலைத் துடைத்து மறுபடி தேயுங்கள். அதே இடம் மூன்று முறையும் நிரம்பவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.