வேலையை விடாமல் கல்வியியல் முதுகலை: கொங்கு ஆசிரியர்களுக்கு

எம்.எட்.டா, எம்.ஏ. கல்வியியலா? விண்ணப்பம் வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்க.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைப்படி எம்.எட். இரண்டு ஆண்டு நேரடிப் படிப்பு. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், களப்பயிற்சிக்கு 90. கோவையில் சேர்ந்தாலும் சேலத்தில் சேர்ந்தாலும் கல்லூரி நேரமும் உங்கள் பள்ளி நேரமும் ஒன்றுதான். ஆகவே விடுப்பு எடுத்தே படிக்க முடியும். "பரீட்சைக்கு மட்டும் வாங்க, வருகையை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீங்க. அதே நாளில் பள்ளி வருகைப்பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் பட்டமும் போகும், வேலைக்கும் வம்பு.

விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் தொலைநிலை எம்.ஏ. கல்வியியல் பொருந்தும். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4. இது எம்.எட்.டுக்கு முழு மாற்று அல்ல. பி.எட். கல்லூரியில் கல்வியியல் அடிப்படைப் பாடங்கள் நடத்த, எம்.ஏ. கல்வியியலிலும் பி.எட்.டிலும் 55 சதவீதம் இருந்தால் அதே 2014 விதிமுறை ஏற்கிறது; நெட் தகுதித் தேர்வோ பிஎச்.டி.யோ இதுபோகத் தனியாக வேண்டும். கணிதம், தமிழ் போன்றவற்றின் கற்பித்தல் முறை நடத்தவோ எம்.எட். தேவை.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சேருவதற்கு முன்பே துறை அனுமதி பெற வேண்டும். விண்ணப்ப நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. அனுமதி இல்லாமல் படித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். சம்பளம் ஏறும் என்ற கணக்கில் சேர வேண்டாம்: உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது.

பலர் சறுக்குவது ஆய்வேட்டில்தான். "மாணவர்களின் மனப்பான்மை" போன்ற தலைப்பில் எதை அளப்பது? உங்கள் வகுப்பிலேயே கேள்வி கிடக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியில் ககர வரிசையில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து. தமிழில் 'கல்', 'பகல்' இரண்டிலும் ஒலி வேறானாலும் எழுத்து ஒரே க. வாய்விட்டுப் படிக்கும்போது அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம், எண்ணியதை அளக்கவும் முடியும்.

இப்படி அளக்கும் கருவி, அதாவது பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வுத்தாள், 25 கேள்வி தேவையென்றால் 40 எழுதுங்க. வேறொரு பள்ளியில் 30 முதல் 50 பிள்ளைகளிடம் முன்னோட்டம் பாருங்க. அவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது. சரியாக விடையளித்தவர்கள் 30 சதவீதத்துக்குக் குறைவாகவோ 70-க்கு மேலாகவோ இருக்கும் கேள்விகளையும், நன்றாகப் படிப்பவரையும் பின்தங்கியவரையும் பிரித்துக் காட்டாத கேள்விகளையும் நீக்குங்க. நம்பகத்தன்மைக் கெழு (கருவி எவ்வளவு சீராக அளக்கிறது என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழே போனால் கருவியைத் திருத்திவிட்டே அடுத்த வேலை.

ஒரு பிரிவுக்குப் புது முறையில் நடத்தி இன்னொரு பிரிவோடு ஒப்பிடுவதானால், நடத்தத் தொடங்கும் முன்பே ஒரு முன்தேர்வு கட்டாயம். இறுதித் தேர்வு மட்டும் வைத்தால், 'ஏ' பிரிவு முதலிலிருந்தே கெட்டியாக இருந்ததா, உங்கள் முறையால் தேறியதா என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள், பதில் இருக்காது. தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போன பிள்ளைகள் சொன்ன நாளில் திரும்புவதில்லை; தேவையை விடப் பத்துப் பேர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்க. பெற்றோர் ஒப்புதல் படிவத்தை இந்தியிலும் ஒரு நகல் எடுங்க. மற்ற பள்ளிகளில் தரவு திரட்ட, தலைமையாசிரியரின் வாய்ச்சொல் போதாது; முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் கையில் இருக்கட்டும்.

இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பரில் உங்களுக்கு அரையாண்டுத் தேர்வும் உண்டு. அதனால் கூடுமானவரை தாள்களை ஜூனுக்குத் தள்ளி, மே விடுமுறையில் படிப்பது வசதி. ஒப்படைப்புகளை மட்டும் கடைசி நாள் வரை இழுக்காதீங்க. மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை வீட்டுக் கண்ணாலம் என்று சனி ஞாயிறு போய்விடும். காலாண்டு விடுமுறைக்குள் எழுதி, பதிவேற்றி, ஒப்புகையைச் சேமித்துவிடுங்க.