பழைய லாரி அடிக்கடி ஆஃப் ஆகிறதா? டீசல் பம்பில் கை வைக்கும் முன்

சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றித் தருமபுரிக்கு வந்துகொண்டிருந்தேன். சேலம் தாண்டும்வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. தொப்பூர் மேட்டில் பாதி ஏறியதும் இழுவை குறைந்தது. கியரை இறக்கினேன், கொஞ்ச தூரம் திணறிவிட்டு என்ஜின் நின்றுவிட்டது. பத்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. நல்லம்பள்ளி வருவதற்குள் மறுபடி நின்றது.

மறுநாளே டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பையும், அதை சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில்களையும் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் வண்டி சும்மா கிடந்தது. பில் கட்டினேன். அடுத்த லோடில் அதே மேட்டில், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

கடைசியில் பார்த்தால், காரணம் டேங்க் மூடி. டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். அதில் காற்றுத் துளை இல்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சின்ன பம்ப்) டீசலை இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். நின்றவுடனே மூடியைத் திறந்து, 'உஸ்' என்று காற்றை உள்ளிழுக்கிறதா என்று கவனித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று மூடியைச் சுற்றிப் பாலித்தீன் கவர் கட்டுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

மைக்கோ பம்ப் போட்ட பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம். (மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் அது மைக்கோ பம்ப்தான்.) டீசல் டேங்கில் கிளம்பி ஹோஸ், ஃபீட் பம்ப், ஃபில்டர், பெரிய பம்ப் என்று நாசிலுக்கு வருகிறது. நாம் கோளாறைத் தேடுவதோ தலைகீழாக, செலவு அதிகமான முனையிலிருந்து.

வண்டி எப்படி நின்றது என்பதையும் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. பட்டென்று ஒரே நொடியில் நின்றால், டீசல் வரத்தைவிட, என்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் ஸ்டாப் சோலனாய்டின் வயரையோ ஸ்டாப் கேபிளையோ முதலில் சந்தேகப்பட வேண்டும். பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போது மட்டும் நின்றால் வயர் லூசாக இருக்க வாய்ப்பு அதிகம். இழுவை குறைந்து, ஆர்பிஎம் ஏறி இறங்கி, திணறி நின்றால்தான் டீசல் பற்றாக்குறை. அப்போது செல்ஃப் அடித்துப் பாருங்கள். சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

"வண்டி ஏர் பிடிக்குது" (டீசல் வரும் பாதையில் காற்று புகுகிறது) என்று மெக்கானிக் சொன்னால், டீசல் எங்கே ஒழுகுகிறது என்று உடனே குனிந்து பார்க்கிறோம். ஒழுகல் இல்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பாதையில் விரிசல் இருந்தால் என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். காய்ந்துபோன ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பழையதையே திரும்பப் போட்ட காப்பர் வாஷர் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் போட்டு என்ஜினை ஓடவிடுங்கள். குமிழி தெரிந்தால் அதற்கும் டேங்குக்கும் நடுவில் தேடினால் போதும்.

இதில் நம்மை அதிகம் ஏமாற்றுவது டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். அதன் நடுவில் துரு ஓட்டை விழுந்திருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்வரை ஓட்டை டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், வண்டியும் நன்றாக ஓடும். டீசல் பாதிக்குக் கீழே இறங்கியதும் காற்று வாங்கத் தொடங்கும். "ஃபுல் டேங்க் போட்டா பிரச்சினையே இல்லைங்க" என்று யாராவது சொன்னால் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைப்பு வேறு கதை. பழைய டேங்கில் துருவும் பிசுக்கும் சேர்ந்திருக்கும். ஓடும்போது அவை உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டும், நின்றதும் உதிரும். இதுவும் மூடி செய்த வேலையைப்போலவேதான் இருக்கும், ஆனால் மூடியைத் திறந்து வைத்தாலும் வண்டி நிற்கும். இதற்குக் கம்ப்ரசர் காற்றால் பைப்பைப் பின்னோக்கி ஊதிவிட்டு அனுப்புவார்கள். தூசி டேங்குக்கே திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். இரண்டு நடைக்கு ஓடும், அப்புறம் பழைய கதை. டேங்கை இறக்கிக் கழுவாமல் இதற்கு விடிவில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் அடி நட்டைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் முதலில் அதுதான் வரும்.

ஃபில்டர் மாற்றும்போது இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது, ஃபீட் பம்பின் அடியிலுள்ள சின்ன வலையை மறப்பது, புது ஃபில்டரில் அழுக்கு மக்கிலிருந்து டீசலை ஊற்றுவது, மூன்றும் வழக்கம். ஊற்ற வேண்டாம், கைப்பம்பால் அடித்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். வலையையே கழற்றி எறிவதும், மண்ணெண்ணெய் கலப்பதும் பம்புக்கு நாமே வைக்கும் வேட்டு. பெரிய பம்பில் டீசலை அழுத்தும் பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். இன்னொன்று, நாசில் பைப் கசிகிறதா என்று விரலால் தடவாதீர்கள். 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

சோதனை ஓட்டத்தைத் தருமபுரியிலிருந்து தொப்பூர் இறங்கும் சாலையில் வைக்கவே வேண்டாம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையா? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சுத்தமான டீசல் உள்ள கேன் ஒன்றை ஃபீட் பம்பைவிட உயரத்தில் கட்டி, டேங்க் ஹோஸுக்குப் பதிலாக அதிலிருந்து பம்புக்குக் கொடுங்கள். மிச்சமாகித் திரும்பும் டீசல் (ரிட்டர்ன்) டேங்குக்கே போவதால் கேன் சீக்கிரம் காலியாகும், கிளீனரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி அரை மணி நேரம் ஓட்டியும் நிற்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டேங்க் பக்கம். கேனிலிருந்தும் திணறினால் ஃபீட் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். அவையும் சரி என்றால், அப்போது பம்புக் கடைக்குப் போகலாம்.